கணினி கேள்வி–பதில்: யுஎஸ்பி போர்ட் எவ்வளவு மின்சாரம் தரும்?

சேலம் மாவட்ட வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பல, யுஎஸ்பி கருவிகளுக்கு மின்சாரம் போதாமல் வரும் தொல்லைகளைப் பற்றியே இருந்ததால், இந்த இதழின் பகுதி முழுவதும் அவற்றுக்கே ஒதுக்கப்படுகிறது.

கேள்வி: இ-சேவை மையம் நடத்துகிறேன். மேசைக் கணினியின் பின்பக்கத்தில், ஒரு போர்ட்டை நான்காகப் பிரிக்கும் நான்கு வழி ஹப் ஒன்றைச் செருகி, அதில் விரல்ரேகைக் கருவி, வெப் கேமரா, தட்டை ஸ்கேனர், சிறிய யுஎஸ்பி மின்விசிறி ஆகிய நான்கையும் இணைத்திருக்கிறேன். காலையில் ஒரு குறையும் இல்லை. மதியத்துக்கு மேல் ஸ்கேனரை ஓட்டினால் விரல்ரேகைக் கருவி துண்டித்துப் போகிறது. பிடுங்கிச் செருகினால் மறுபடியும் வருகிறது. கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி 450 வாட் எஸ்எம்பிஎஸ். அதை 650 வாட்டாக மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார் பழுது பார்ப்பவர். மாற்றலாமா?
– வாசகர், அம்மாபேட்டை

பதில்: மாற்ற வேண்டாம். உங்கள் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரை 100 கேவிஏ-யிலிருந்து 250 கேவிஏ-க்கு உயர்த்திவிட்டாலும், கடைக்குள் இருக்கும் 5 ஆம்பியர் ஃப்யூஸ் 5 ஆம்பியருக்கு மேல் விடப்போவதில்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் வாட் கணக்குக்கும் யுஎஸ்பி போர்ட்டின் வரம்புக்கும் உள்ள உறவு அத்தகையதுதான்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். எஸ்எம்பிஎஸ் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். 450 வாட் பெட்டிகளில் 5 வோல்ட் கட்டத்தில் பெரும்பாலும் 15 ஆம்பியரோ அதற்கு மேலோ எழுதியிருக்கும். உங்கள் மதர்போர்டில் பத்து யுஎஸ்பி 2.0 போர்ட்டுகள் இருந்து, பத்தும் தமக்குரிய 500 மில்லி ஆம்பியரை முழுமையாக எடுத்தாலும், மொத்தம் 5 ஆம்பியர், அதாவது 25 வாட்தான் ஆகும். பெட்டியில் மின்சாரத்துக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் வருவது அதற்குப் பின்னால், போர்ட்டிலும் ஹப்பிலும்.

2000-ஆம் ஆண்டில் வெளியான யுஎஸ்பி 2.0 விதிமுறை, 100 மில்லி ஆம்பியரை ஒரு ‘அலகு’ என்று வைத்தது. எந்தக் கருவியும் செருகப்பட்டவுடன் ஓர் அலகுக்கு மேல் எடுக்கக் கூடாது. ‘நான் இன்ன கருவி, எனக்கு அதிகபட்சம் இவ்வளவு வேண்டும்’ என்று கணினியிடம் பதிவு செய்து, கணினி ஒப்புக்கொண்ட பிறகே ஐந்து அலகுகள்வரை, அதாவது 500 மில்லி ஆம்பியர்வரை எடுக்கலாம். 2008-இல் வந்த யுஎஸ்பி 3.0 இந்த அலகை 150 மில்லி ஆம்பியராகவும், ஒரு போர்ட்டின் உச்சத்தை ஆறு அலகுகளாகவும், அதாவது 900 மில்லி ஆம்பியராகவும் உயர்த்தியது. யுஎஸ்பி 3.0-க்கு அடையாளமான நீல நிறப் போர்ட்டில் செருகிவிட்டால் எல்லாக் கருவிகளுக்கும் 900 உரிமையாகிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள்; அப்படியில்லை. யுஎஸ்பி 2.0 ஹப்பை நீலப் போர்ட்டில் செருகினாலும் அதற்குரிய பங்கு 500 மட்டுமே.

இனி உங்கள் ஹப்புக்கு வருவோம். தனி அடாப்டர் இல்லாத ஹப், கணினியிடமிருந்து வாங்கும் 500 மில்லி ஆம்பியரில் 100-ஐத் தன் செலவுக்கு ஒதுக்கிக்கொண்டு, மீதி 400-ஐ நான்கு வழிகளுக்கும் தலைக்கு 100 என்று பங்கிட வேண்டும் என்பதே விதி. தலைக்கு 100 என்பது விசைப்பலகைக்கும் மவுஸுக்கும் போதும், ஸ்கேனருக்குப் போதாது. வெப் கேமராக்களில் பல, உண்மையில் அவ்வளவு எடுக்காவிட்டாலும், 500 வேண்டும் என்றே பதிவு செய்துகொள்கின்றன. நேர்மையான ஹப்பாக இருந்தால் ‘இந்தக் கருவிக்குப் போதுமான மின்சாரம் இல்லை’ என்று விண்டோஸ் அறிவித்து, அதை இயக்க மறுத்திருக்கும். ஆனால் மலிவு ஹப்புகளில் பல, அடாப்டரே இல்லாதபோதும் ‘எனக்குச் சொந்த மின்சாரம் இருக்கிறது’ என்று கணினியிடம் பொய் சொல்லுமாறு செய்யப்பட்டிருக்கின்றன. கணினியும் அதை நம்பி நான்கு கருவிகளையும் அனுமதித்துவிடுகிறது. அதனால்தான் உங்கள் தொல்லை தெளிவான மறுப்பாக வராமல், வருவதும் போவதுமாக இருக்கிறது.

காலைக்கும் மதியத்துக்கும் வேறுபாடு ஏன் என்பதற்கான விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: சேலத்து வெயிலுக்கு மின்விசிறியை மதியம்தான் போடுவீர்கள். அந்த விசிறி யுஎஸ்பி முறைப்படி பேசும் கருவியே அல்ல; யாரிடமும் பதிவு செய்யாமல், நேராக 5 வோல்ட் கம்பியிலிருந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும் ஒரு மோட்டார். அது ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்கேனரின் மோட்டாரும் கிளம்பினால், ஹப்பின் மெல்லிய கம்பி வழியே மின்னோட்டம் கூடி மின்னழுத்தம் சரிகிறது. அந்தச் சரிவை முதலில் தாங்க முடியாமல் போன கருவி விரல்ரேகைக் கருவி. அதன் சில்லு அணைந்து மறுபடி தொடங்குவதையே நீங்கள் துண்டிப்பு என்று காண்கிறீர்கள்.

செய்ய வேண்டியவை எளியவை. விசிறியைப் பழைய கைபேசிச் சார்ஜரில் செருகுங்கள். விரல்ரேகைக் கருவியையும் ஸ்கேனரையும் கேபினெட்டின் பின்பக்கத்தில், மதர்போர்டிலேயே பொருத்தப்பட்ட போர்ட்டுகளில் தனித்தனியாக நேரே இணையுங்கள். பின்பக்கத்தில் இடம் போதாவிட்டால் மட்டும் அடாப்டருடன் வரும் ஹப்பை வாங்குங்கள். நான்கு வழி யுஎஸ்பி 2.0 ஹப்புக்கு 5 வோல்ட் 2 ஆம்பியருக்குச் சற்று மேலும், யுஎஸ்பி 3.0 ஹப்புக்கு 5 வோல்ட் 4 ஆம்பியரும் தரும் அடாப்டர் வேண்டும். பத்து வழி ஹப்புக்கு 2 ஆம்பியர் அடாப்டர் கொடுத்து விற்பவர்களும் இருக்கிறார்கள். பெட்டியில் வழிகளின் எண்ணிக்கையைப் பார்ப்பதைவிட அடாப்டரில் எழுதியிருப்பதைப் படிப்பது பயன் தரும்.

கேள்வி: எந்தக் கருவி எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்பதைக் கணினியிலேயே தெரிந்துகொள்ள வழி உண்டா?
– வெள்ளிக் கொலுசு வணிகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: பாதி வழி உண்டு. விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, பட்டியலின் அடியில் உள்ள யுஎஸ்பி ஹப்பின் பண்புகளுக்குப் போனால், பவர் என்ற தாவல் இருக்கும் ஹப்புகளில், இணைந்துள்ள கருவிகளும் அவற்றின் மில்லி ஆம்பியர் எண்களும் தெரியும். லினக்ஸில் எல்எஸ்யுஎஸ்பி கட்டளையின் விரிவான வடிவம் இதே எண்ணைக் காட்டும். ஆனால் இவை கருவி தானே அறிவித்த உச்ச அளவு. அளந்து பார்த்த அளவு அல்ல. 500 என்று அறிவித்துவிட்டு 150 எடுக்கும் கருவியும் உண்டு. 100 என்று அறிவித்துவிட்டு அதற்கு மேல் எடுக்கும் ஒழுங்கற்ற கருவியும் உண்டு. விசிறி, விளக்கு போன்றவை இந்தப் பட்டியலுக்கே வருவதில்லை.

மெய்யான அளவு வேண்டுமானால், போர்ட்டுக்கும் கருவிக்கும் இடையே செருகும் யுஎஸ்பி டெஸ்டர் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். அதன் சிறு திரையில் வோல்ட்டும் ஆம்பியரும் ஒருசேரத் தெரியும். ஆம்பியரைவிட வோல்ட்டைக் கவனியுங்கள் என்பேன்: கருவி முழு வேகத்தில் ஓடும்போதும் 4.75-க்குக் குறையாமல் நின்றால் கவலையில்லை, 4.4-ஐ நெருங்கினால் அந்த வழியில் இன்னொன்றைச் சேர்க்காதீர்கள். உங்கள் தொழிலில் பயன்படும் லேபிள் அச்சு இயந்திரம் தனி அடாப்டரில் ஓடுவதாக இருந்தால், அதன் யுஎஸ்பி கம்பி தகவலுக்கு மட்டுமே. அதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

கேள்வி: காப்பித் தோட்டத்தின் கணக்குகளையும் கேமராப் பதிவுகளையும் வெளிப்புற ஹார்டு டிஸ்க் ஒன்றில் சேமித்து வருகிறோம். மேசைக்குக் கீழிருக்கும் கணினியின் முன்பக்கப் போர்ட்டிலிருந்து 2 மீட்டர் நீட்டிப்புக் கம்பி போட்டு மேலே கொண்டுவந்தோம். அதிலிருந்து டிஸ்க் ‘டிக் டிக்’ என்று சத்தம் போடுகிறது, திறப்பதில்லை. டிஸ்க் போய்விட்டதா?
– வாசகி, நாகலூர், ஏற்காடு

பதில்: போயிருக்க வாய்ப்புக் குறைவு, ஆனால் இப்படியே தொடர்ந்தால் போய்விடும். உடனே நீட்டிப்புக் கம்பியை எடுத்துவிட்டு, டிஸ்குடன் வந்த குட்டைக் கம்பியாலேயே பின்பக்கப் போர்ட்டில் இணைத்துப் பாருங்கள்.

கையடக்கமான 2.5 அங்குல டிஸ்க், ஓடிக்கொண்டிருக்கும்போது அதிகம் கேட்பதில்லை. நின்றிருக்கும் தட்டுகளைச் சுழலவைக்கும் முதல் சில நொடிகளில்தான் ஏறத்தாழ 1 ஆம்பியர்வரை இழுக்கிறது. அந்த நேரத்தில் கம்பி என்ன செய்கிறது என்று பாருங்கள். மலிவான கேபிள்களில் மின்சாரம் கொண்டுபோகும் கம்பி 28 கேஜ் அளவில் இருக்கும். அதன் மின்தடை மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம். சிவப்புக் கம்பியில் போகும் மின்னோட்டம் கறுப்புக் கம்பியில் திரும்பியாக வேண்டுமாதலால், 2 மீட்டர் கேபிள் என்பது மின்சாரத்துக்கு 4 மீட்டர். தடை ஏறத்தாழ 0.85 ஓம். 1 ஆம்பியர் ஓடினால் 0.85 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். 5 வோல்ட்டாகப் புறப்பட்டது டிஸ்கை அடையும்போது 4.15 வோல்ட் ஆகிவிடுகிறது. தட்டு சுழலத் தொடங்கும், மின்னழுத்தம் விழும், டிஸ்க் தன் முனையைப் பாதுகாப்பாக ஒதுக்கிக்கொண்டு நிற்கும், அழுத்தம் மீண்டதும் மறுபடியும் முயலும். உங்கள் காதில் விழும் ‘டிக் டிக்’ இந்தச் சுற்றுதான். கேபினெட்டின் முன்பக்கப் போர்ட்டும் உள்ளே ஒரு நீண்ட மெல்லிய கம்பி வழியாகவே மதர்போர்டுக்குப் போவதால், அதன் இழப்பும் இதனுடன் சேர்ந்துகொள்கிறது.

நீளமான கம்பி இன்றியமையாதது என்றால், அதன் மேல்தோலில் அச்சிட்டிருப்பதைப் படித்து வாங்குங்கள். ‘28ஏடபிள்யூஜி/1பி’, ‘24ஏடபிள்யூஜி/2சி’ என்ற வகையில் இரண்டு குறிப்புகள் இருக்கும். ஏடபிள்யூஜி என்பது கேஜ் அளவு, 1பி தகவல் கம்பிச் சோடி, 2சி மின்சாரக் கம்பிகள். 2சி-க்கு முன்னுள்ள எண் குறையக் குறையக் கம்பி தடிமனாகும். மேற்சொன்ன அதே 2 மீட்டருக்கு 24 கேஜ் கம்பியில் இழப்பு 0.34 வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். எதுவுமே அச்சிடாத கேபிளை டிஸ்குக்கு வாங்காதீர்கள்.

இரண்டு போர்ட்டுகளில் செருகும் இரட்டைத் தலைக் கேபிள் கடைகளில் கிடைக்கிறது. யுஎஸ்பி விதிமுறை அதை அனுமதிப்பதில்லை. ஆயினும் பழைய யுஎஸ்பி 2.0 கணினிகளில் அது வேலை செய்வதை மறுப்பதற்கில்லை. நான் அதைவிட அடாப்டர் கொண்ட ஹப்பையே பரிந்துரைப்பேன். மேசையில் நிற்கவைக்கும் 3.5 அங்குல டிஸ்க்குகளுக்கு 12 வோல்ட்டும் தேவைப்படுவதால் அவை தனி அடாப்டருடனேயே வருகின்றன. இந்தத் தொல்லை அவற்றுக்கு இல்லை. ஏற்காட்டில் மழைக்காலத்தில் மின்சாரம் போய்ப் போய் வருமே, அப்போது கணினி யுபிஎஸ்ஸில் நின்றாலும் ஹப்பின் அடாப்டர் சுவர்ப் பிளக்கில் இருந்தால் டிஸ்க் பதிவின் நடுவே அறுந்துபோகும். அந்த அடாப்டரையும் யுபிஎஸ்ஸிலேயே செருகிவையுங்கள்.

கேள்வி: கணினியை முறைப்படி அணைத்த பிறகும் மவுஸின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. இன்வெர்ட்டர் பேட்டரி வீணாகுமா?
– வாசகர், ஓமலூர்

பதில்: கணினி அணைந்திருந்தாலும் எஸ்எம்பிஎஸ்ஸில் ஒரு சிறு பகுதி விழித்திருந்து, காத்திருப்பு நிலைக்கான 5 வோல்ட்டை மதர்போர்டுக்குத் தந்துகொண்டே இருக்கிறது, பல மதர்போர்டுகள் யுஎஸ்பி போர்ட்டுகளை அந்தக் கம்பியோடும் இணைத்திருக்கும். மவுஸ் விளக்கின் செலவு மிகமிகச் சிறிது. வேண்டாமென்றால் பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரையில்), அணைந்த நிலையின் மின்செலவைக் குறைக்கும் ‘இஆர்பி’ என்ற அமைப்பை இயக்குங்கள், அல்லது எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புறச் சுவிட்சை அணையுங்கள். காத்திருப்புக் கம்பி 2 அல்லது 3 ஆம்பியர் அளவுக்குத்தான் வலுவுடையது என்பதால், அணைத்த கணினியின் போர்ட்டுகள் எல்லாவற்றிலும் கைபேசிகளைச் செருகிவைப்பது சரியல்ல.

கேள்வி: விரைவுச் சார்ஜ் வசதியுள்ள கைபேசியை லேப்டாப்பில் செருகினால் இரவு முழுவதும் ஆகிறது. ‘100 வாட்’ என்று எழுதிய கேபிளையே பயன்படுத்துகிறேன். ஏன்?
– கல்லூரி மாணவி, ஆத்தூர்

பதில்: கேபிளில் எழுதியிருக்கும் 100 வாட், அது தாங்கக்கூடிய அளவு, தருகிற அளவு அன்று. தருவது போர்ட். பழைய செவ்வக வடிவ யுஎஸ்பி 2.0 போர்ட்டில் 5 வோல்ட், 500 மில்லி ஆம்பியர், பெருக்கினால் 2.5 வாட். உங்கள் கைபேசியில் 5000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி இருந்தால், அதில் சேமிக்க வேண்டியது ஏறத்தாழ 19 வாட் மணி. இழப்பே இல்லையென்று வைத்துக்கொண்டாலும் 2.5 வாட்டில் ஏழரை மணி நேரத்துக்குக் குறையாது. இழப்பும் சேர்ந்து, கைபேசியும் விழித்திருந்தால், விடிந்துதான் போகும்.

சார்ஜுக்கென்றே வகுத்த 2010-ஆம் ஆண்டு விதிமுறையின்படி அமைந்த போர்ட்டுகள் 1.5 ஆம்பியர்வரை தரும்; சில லேப்டாப்புகளில் மின்னல் குறியிட்ட போர்ட் இவ்வகை. 2014-இல் வந்த டைப்-சி போர்ட், 5 வோல்ட்டிலேயே 1.5 அல்லது 3 ஆம்பியர் தருவதாகக் கைபேசிக்கு அறிவிக்க முடியும். 3 ஆம்பியர் என்றால் 15 வாட். அதற்கு மேலே போக வேண்டுமானால் மின்னழுத்தத்தையே உயர்த்தும் ‘பவர் டெலிவரி’ உடன்பாட்டில் இரு பக்கமும் பேசியாக வேண்டும். 2021-இன் திருத்தப்படி அது 48 வோல்ட், 5 ஆம்பியர், 240 வாட் வரை போகிறது. ஆனால் அந்தப் பெரிய எண்கள் சுவரில் செருகும் சார்ஜர்களுக்கு உரியவை, லேப்டாப் தன் பேட்டரியிலிருந்து பிறருக்கு அவ்வளவு வாரி வழங்காது. உங்கள் லேப்டாப்பில் டைப்-சி இருந்தால் அதில் செருகிப் பாருங்கள், நேரம் கணிசமாகக் குறையும். இல்லையேல் சார்ஜரே வழி.

கேள்வி: ராஸ்பெரி பை 5 என்ற சிறு கணினிப் பலகையில் வெளிப்புற டிஸ்கை இணைத்தால் பலகையே மறுதொடக்கம் ஆகிறது. கைபேசியின் 3 ஆம்பியர் சார்ஜரில் ஓட்டுகிறேன்.
– பொறியியல் மாணவர், கருப்பூர்

பதில்: அந்தப் பலகை தொடங்கும்போது தனக்கு வரும் மின்சாரத்தைச் சோதிக்கிறது. 5 வோல்ட்டில் 5 ஆம்பியர் தரும் அடாப்டர் என்று உறுதியானால் நான்கு யுஎஸ்பி போர்ட்டுகளுக்கும் சேர்த்து 1.6 ஆம்பியர் திறந்துவிடும். 3 ஆம்பியர் என்றால் நான்குக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளும். 600-இல் சுழலும் டிஸ்க் கிளம்பாது. இந்த வரம்பை அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதி நீக்க முடியும் என்று நண்பர்கள் சொல்லக்கூடும். நீக்கலாம், ஆனால் சார்ஜரின் வலு அதனால் கூடாது, பலகையின் பங்கிலிருந்தே டிஸ்க் எடுக்கும். அதற்கென்றே விற்கும் 27 வாட் அடாப்டரை வாங்குங்கள், அல்லது டிஸ்கை அடாப்டர் கொண்ட ஹப்பில் இணையுங்கள். ஹப்பைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு சோதனை: பலகைக்கு மின்சாரம் தராமல், ஹப்பின் அடாப்டரை மட்டும் போட்டு, கேபிளைப் பலகையில் செருகுங்கள். பலகையின் விளக்கு எரிந்தால் அந்த ஹப் மின்சாரத்தைத் தலைகீழாகக் கணினிப் பக்கம் தள்ளுகிறது. விதிமுறை இதை முற்றிலும் தடுக்கிறது. அப்படிப்பட்ட ஹப்பைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: சிறிது நேரம் சும்மா இருந்தாலே பார்கோடு ஸ்கேனர் உறங்கிவிடுகிறது; ஓரிரு முறை அழுத்திய பிறகே விழிக்கிறது. இதுவும் மின்சாரப் பற்றாக்குறையா?
– மளிகைக் கடைக்காரர், மேட்டூர்

பதில்: அன்று. பற்றாக்குறை, வேலை மிகும்போது தலைகாட்டும். உங்களுடையது வேலை இல்லாதபோது வருகிறது. விண்டோஸ் சிக்கனத்துக்காகப் போர்ட்டை உறங்கவைக்கிறது. டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ரூட் ஹப்பின் பண்புகளில், மின்சாரத்தைச் சேமிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற பொருள்படும் கட்டத்தின் குறியை நீக்கிவிடுங்கள்.

கேள்வி: கணினியைப் போட்டதும், யுஎஸ்பி கருவி அளவுக்கு மேல் மின்னோட்டம் எடுக்கிறது, 15 நொடிகளில் அணைக்கப்படும் என்ற செய்தி வருகிறது, அப்படியே அணைந்துவிடுகிறது. எல்லாக் கருவிகளையும் கழற்றிவிட்ட பிறகும் இதே கதை. மதர்போர்டை மாற்றச் சொல்கிறார்கள்.
– வாசகர், சூரமங்கலம்

பதில்: மாற்றுவதற்கு முன் ஒரு டார்ச் விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். எதையும் செருகாதபோதே இந்தச் செய்தி வருகிறதென்றால், எங்கோ 5 வோல்ட் கம்பி தரையோடு தொட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் குற்றவாளி, பென்டிரைவைக் கோணலாகத் திணித்துத் திணித்து நாக்கு உடைந்த முன்பக்கப் போர்ட். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு எல்லாப் போர்ட்டுகளுக்குள்ளும் பாருங்கள். வளைந்த தகடு ஒன்று பக்கத்துச் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டால், கேபினெட்டைத் திறந்து, முன்பக்கப் போர்ட்டுகளிலிருந்து வரும் கம்பியை மதர்போர்டிலிருந்து பிடுங்கிவிட்டுக் கணினியைப் போட்டுப் பாருங்கள். செய்தி மறைந்தால் முன்பக்கப் பலகையை மட்டும் மாற்றினால் போதும், அல்லது அந்தக் கம்பியை அப்படியே விட்டுவிட்டுப் பின்பக்கப் போர்ட்டுகளோடு காலம் தள்ளலாம். போர்ட்டைக் காக்கும் ஃப்யூஸ், பல மதர்போர்டுகளில் தானே மீளும் வகை: மின்னோட்டம் மிஞ்சினால் சூடேறித் தடையைக் கூட்டிக்கொள்ளும், ஆறினால் பழைய நிலைக்குத் திரும்பும். ஒரே ஃப்யூஸ் இரண்டு போர்ட்டுகளுக்குப் பொதுவாக இருப்பதும் உண்டு. ஆகவே கெட்ட போர்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நல்ல போர்ட்டும் இறந்ததுபோல் கிடந்தால், பழுதை நீக்கிச் சிறிது நேரம் ஆறவிட்டு, அதைச் சோதித்த பிறகே மதர்போர்டைப் பற்றி முடிவெடுங்கள்.